ஆல்பத்துக்காக ஓர் இணைச்சீர்

ஆவணி, ஞாயிறு இரவு

இன்று மல்லசமுத்திரத்தில் தம்பிக்குக் கல்யாணம். முப்பத்தெட்டு வயதில்தான் பெண் அமைந்தது. இணைச்சீர்ச் சடங்கில் மாப்பிள்ளையின் அக்கா அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். என் கணவர் இறந்து ஒரு வருடம் ஆகிறது. தாலி இல்லாதவள் நிற்கக் கூடாது என்று அம்மா வாய்விட்டுச் சொல்லவில்லை. "நீ பந்தியப் பாத்துக்க சாமி" என்றாள். சித்தி மகள் சுதா நின்றாள். சாப்பாட்டுக் கூடத்தில் இலை போட்டுக்கொண்டிருந்த எனக்கு மேளச் சத்தம் மட்டும் கேட்டது.

மத்தியானம் கூட்டம் கலைந்ததும் தம்பி வந்து கையைப் பிடித்தான். "வாக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கலாம். ஆல்பத்துல இணைச்சீருக்கு நீதான் நிக்கோணும்." காலையில் சுதா பிடித்திருந்த மூங்கில் பேழையை என் கையில் கொடுத்தான். மண்டபத்து ஆட்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"சேரெல்லாம் படத்துல உழுகாதுங்க. நீங்க கொஞ்சம் சிரிங்கக்கா" என்றார் போட்டோக்காரர்.

சிரித்தேன்.

தம்பி நல்ல மனதோடுதான் கூப்பிட்டான். ஆனால் அம்மா என்னைப் பந்திக்கு அனுப்பியபோது அவனும் அங்கேதான் இருந்தான். கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தான். "அக்காளே நிக்கட்டும்" என்று அப்போது சொல்லியிருந்தால் போதும். அதை அவனிடம் நான் எப்படிக் கேட்பது?

ஆல்பம் வந்ததும் முதலில் என்னிடம்தான் கொண்டுவந்து காட்டுவான். நன்றாக வந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும்.