செல்ஃப் மோட்டார் மாற்றியாயிற்று

ஸ்ரீராம்புரம்,
பெங்களூர்.
ஆவணி, 1996

அன்புள்ள தம்பி குணசேகருக்கு அண்ணி மரகதம் எழுதிக்கொள்வது. நானும் பிரபாவும் இருக்கிறோம். நீ என்ன சாப்பிடுகிறாய், எங்கே படுக்கிறாய், ஒன்றும் தெரியவில்லை. சோலாப்பூரில் உன்னைப் பார்த்ததாகச் சொல்லி நம்ம ஸ்டாண்டு டிரைவர் ஒருத்தர் இந்த விலாசம் கொடுத்தார். என் எழுத்து கோணலாக இருக்கும், பொறுமையாகப் படி.

லாரியை விற்றுத் தொலை என்கிறான் என் அண்ணன். விற்கவில்லை. அதில் எது கெட்டது என்று முதலில் எனக்குத் தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டேன். கட்டி இழுத்து யஷ்வந்தபுரம் மெக்கானிக் பெருமாள்சாமியிடம் விட்டு, ஷெட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். பேட்டரி நன்றாக இருக்கிறதாம். உன் அண்ணன் புதுசு வாங்கிப் போட்டது வீண். ஒயர் முனைகளையும் சுரண்டித் துடைத்துப் பார்த்தார். சாவி திருப்பினால் டக் என்று ஒரு சத்தம், லைட் மங்குகிறது, இன்ஜின் சுற்றவில்லை. அப்புறம்தான் இன்ஜினைச் சுற்றிவிடுகிற செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பிரித்தார். உள்ளே புஷ் தேய்ந்து, சுற்ற வேண்டியது பக்கத்தில் உரசிக் கருகிக் கிடந்தது. “இன்னாக்கா, இத்த வச்சிக்கினா ஓட்டினாங்க?” என்றார். இறக்கத்தில் நிறுத்தி, உருட்டித்தான் ஸ்டார்ட் பண்ணுவாங்க என்றேன்.

மாற்றிவிடலாம் என்று நீ அப்போதே சொன்னாய். நான்தான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன், என் காதால் கேட்டேன். அடுத்த லோடு முடியட்டும்டா என்றது உன் அண்ணன்தான்.

அத்திபெலே இறக்கத்தில் அவர் சக்கரத்துக் கல்லை எடுத்துவிட்டு, பாடியில் இரண்டு தட்டு தட்டினால் நீ பிரேக்கை விட வேண்டும். அதுதானே உங்கள் வழக்கம்? அன்றைக்குக் கல் வெளியே வருவதற்கு முன்னாலேயே வண்டி நகர்ந்து அவர்மேல் ஏறிவிட்டது. “தட்டினாரு அண்ணி, என் காதுல கேட்டுச்சி அண்ணி” என்று ஆஸ்பத்திரி வாசலில் என் காலைப் பிடித்து அழுதாய். நான் வாய் திறக்கவில்லை. காரியம் முடிந்த கையோடு நீ சொல்லாமல் போய்விட்டாய்.

வேறு செல்ஃப் மாட்டினதும் பெருமாள்சாமியிடம் ஒன்று கேட்டேன். ஷெட்டுச் சமதரையிலேயே சக்கரத்தடியில் கல்லை இறுக்கி வைத்து, கல் இறுகினால் உன் அண்ணன் செய்வதுபோல ஜாக்கி கம்பியால் அடித்து எடுக்கச் சொன்னேன். நான் ஏறி உன் சீட்டில் உட்கார்ந்தேன். அவர் கல்லைத்தான் அடித்தார். கம்பியின் மறுமுனை பாடியில் இடித்தது. உள்ளே எனக்கு இரண்டு தட்டு கேட்டது, தம்பி. உன் அண்ணன் கையால் தட்டின மாதிரியே கேட்டது. பிரேக்கிலிருந்து என் கால் தானாகத் தூக்கிக்கொண்டது. யாராக இருந்தாலும் பிரேக்கை விட்டிருப்பார்கள்.

பிறகு சாவி திருப்பினேன். ஒரே திருப்பில் பிடித்தது. அணைத்தேன், மறுபடி போட்டேன். திரும்பவும் போட்டேன். “பேஜார் பண்ணிக்காதக்கா, எறங்கு” என்று அவர்தான் இறக்கிவிட்டார்.

லாரி சந்து முனையில் நிற்கிறது. வேறு டிரைவரை வைக்க எனக்கு மனசு வரவில்லை. “சித்தப்பாவ நீ திட்டினியாம்மா?” என்று பிரபா கேட்கிறாள். என்ன சொல்லட்டும்?

பதில் கடிதம் வேண்டாம், நீயே வா. அவரைத்தான் போகாமல் என்னால் நிறுத்த முடியவில்லை. நீ நூறு வயசு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணி
மரகதம்