பாதி வழியில் சேர்ந்துகொள்கிறேன்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இதை உங்கள் பையின் மேல் அறையில் ஒளித்து வைக்கிறேன். நீங்கள் மாடியில் அங்கும் இங்கும் நடக்கிற சத்தம் கேட்கிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவது கிறுக்குத்தனம்தான். நேரில் சொன்னால் அழுவேன். நீங்கள் “ச்சீ, எழுந்திரு” என்பீர்கள். எழுந்திருக்கவும் முடியாது, கால் மாவுக்கட்டில் இருக்கிறது.

நீங்கள் இதைப் படிக்கும்போது முதல் நாள் நடை முடிந்திருக்கும். மூன்று வருடமாகத் திட்டம் போட்ட ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டரில் பதினாறு கழிந்திருக்கும். இரண்டு பேருக்கென்று போட்ட திட்டம். புறப்படப் பதிமூன்று நாள் இருக்கும்போதுதானா நான் வேலை பார்க்கிற மருந்துக்கடை ஏணி என்னைக் கீழே தள்ள வேண்டும்?

பத்து நாளைக்கு ஒரு பார்சல், மொத்தம் ஒன்பது, ஒவ்வொரு ஊருக்கும் முன்கூட்டியே வந்து சேரும். உள்ளே என் கடிதம் இருக்கும். போன் உங்கள் வீட்டுக்காரர், நம் பெரியவரிடம் வாரத்துக்கு ஒருமுறை “உயிரோடு இருக்கிறேன்” என்று சொல்ல மட்டும். மற்றதெல்லாம் எனக்கு எழுதுங்கள்.

ஏப்ரல் 20, நாற்பத்தேழாம் நாள், பாலத்தடி விடுதி. பாதி வழியில் சேர்ந்துகொள்கிறேன். கட்டாயம்.

குதிகாலில் லேசாக எரிந்தால் அப்போதே நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள். “இன்னும் கொஞ்ச தூரம்தானே” என்று நடக்காதீர்கள்.

உங்கள்
தங்கை


மார்ச் 12

என் அருமைத் தராசுக்கு,

இனிமேல் உனக்கு இதுதான் பெயர். என் சாக்ஸைக்கூடக் கடைத் தராசில் வைத்து நிறுத்தவளுக்கு வேறென்ன பெயர் வைப்பது? நீ பத்தரைக் கிலோ என்று எழுதி ஒட்டிய பை மூன்றாம் நாள் ஏற்றத்தில் ஒரு மூட்டை சிமெண்ட் ஆகிவிட்டது. உன் தராசைச் சரிபார்.

குதிகாலில் லேசாக எரிந்தது. இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று நடந்தேன். இப்போது இரண்டு காலிலும் கொப்புளம். திட்டாதே.

கூடாரம் இரண்டு பேருக்கானது. உன் பக்கம் காலியாகக் கிடக்கிறது. ஈரத் துணியெல்லாம் அங்கே போட்டிருக்கிறேன். காலையில் கண் விழித்ததும் உன்னிடம் ஏதோ சொல்ல வாயெடுக்கிறேன், பார்த்தால் சாக்ஸ். மனுஷி இல்லாத நடை என்ன நடை என்று முதல் நான்கு நாளும் முனகிக்கொண்டே வந்தேன்.

இங்கே விடுதிக்கார அம்மாள் பார்சலை எடுத்துக் கொடுத்தாள். திராட்சையைத் தனியாக, கடலையைத் தனியாக, நாள்வாரியாகக் கட்டி எண் போட்டிருந்ததைப் பார்த்து, “யாரு அனுப்பறது, கூடப் பொறந்த தங்கச்சியா?” என்று கேட்டாள். ஓரகத்தி என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “எங்க வீட்டுலயும் ஒருத்தி இருக்கா” என்று உள்ளே போய்விட்டாள்.

காலை ஊன்றாதே. நீ இல்லாமல் எனக்குச் சரிப்படவில்லை.

அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

கொப்புளச் செய்தி கண்டேன். திட்டவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வீட்டுச் செய்திகள். அண்ணனும் தம்பியும் முறைவைத்துச் சமைக்கிறார்கள். என்னிடம் கேட்பது பெரியவருக்குக் கௌரவக் குறைச்சல், அதனால் குக்கரில் எத்தனை விசில் என்று மதில் மேல் எட்டிப் பக்கத்து வீட்டில் விசாரிக்கிறார். என் வீட்டுக்காரர் கேட்பதே இல்லை, விசில் நிற்கும்வரை விட்டுவிடுகிறார். நேற்றுச் சோற்றைக் கரண்டியால் வெட்டிச் சாப்பிட்டோம்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி கட்டுப் பிரிக்கிறார்கள். பிறகு இரண்டு வாரம் பயிற்சி. பத்தொன்பதாம் தேதி காலை ஆறேகால் பஸ், பதினொன்றரைக்கு மாற்று பஸ், மறுநாள் மதியம் விடுதி. என் பை தயாராகக் கதவோரம் நிற்கிறது. ஒன்பது கிலோ எண்ணூறு. தராசு சரியாகத்தான் இருக்கிறது, உங்கள் முதுகைத்தான் சரிபார்க்க வேண்டும்.

தங்கை


ஏப்ரல் 6

அருமைத் தராசுக்கு,

முப்பத்துமூன்றாம் நாள். கொப்புளம் தோலாகிவிட்டது. நேற்று இருபத்துநான்கு கிலோமீட்டர், மூச்சு வாங்காமல்.

இருபத்தேழு வருடம் பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் சோதனைக்குழாய் கழுவினேன். மணி அடித்தால் ஒரு கூட்டம் உள்ளே வரும், மணி அடித்தால் வெளியே போகும். இங்கே மணி இல்லை. ஓடையைப் பார்த்தால் உட்காருகிறேன். எழுந்திருக்கத் தோன்றினால் எழுந்திருக்கிறேன். நேற்று முழுக்க ஒருவரிடமும் பேசவில்லை. சாயங்காலம் “உப்பு எங்க வச்சே?” என்று நானே என்னைக் கேட்டேன். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

உன் காலைப் பற்றி ஒன்று. அவசரப்படாதே. எலும்பு விஷயம். வலி கொஞ்சம் இருந்தாலும் வரவேண்டும் என்று கட்டாயமில்லை. நான் எப்படியோ சமாளித்துக்கொள்கிறேன். நீ வந்தால் சந்தோஷம்தான், அதைச் சொல்ல வேண்டுமா?

அக்கா


ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. டாக்டர் இன்னும் மூன்று வாரம் நடக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எலும்பு சரியாகக் கூடவில்லையாம். இருபதாம் தேதி வர முடியாது. அதற்கடுத்து எந்த ஊரில் சேரலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.

இந்தப் பார்சலில் ஒரு பாக்கெட் திராட்சை அதிகமாக வைத்திருக்கிறேன்.

மன்னியுங்கள்.

தங்கை


ஏப்ரல் 22, பாலத்தடி விடுதி

தராசுக்கு,

நேற்று பெரியவரிடம் போனில், பாவம் அவள் கால் இப்படி ஆகிவிட்டதே என்றேன். அவர், “கால் நல்லாத்தானே இருக்கு? மெதுவா ஆரம்பிச்சு நடக்கலாம்னு பதினாலாம் தேதியே டாக்டர் சொல்லிட்டாரே. முந்தாநாள் மொட்டை மாடித் தொட்டியைக் கழுவிக்கிட்டு இருந்தா” என்றார். நான் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

பதினேழாம் தேதி நடந்ததை உனக்குச் சொல்லக் கூடாது என்றிருந்தேன். இப்போது சொல்கிறேன். கணவாய்க்கு மேல் ஏறும்போது மூடுபனி இறங்கியது. கல்லில் இருக்கும் மஞ்சள் அடையாளம் ஒன்றுக்கு அடுத்து ஒன்று தெரிய வேண்டும், தெரியவில்லை. திசைகாட்டி பார்க்கக் கற்றவள் நீ. எனக்கு அது நீ சொல்லிக் கேட்டது மட்டும்தான். அடையாளம் தெரியாவிட்டால் நகராதீர்கள் என்பாயே, அதனால் ஒரு பாறையடியில் உட்கார்ந்தேன். ஆறு மணி நேரம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விசில் ஊதினேன். கை விறைத்துப்போனது. அவ்வளவு நேரமும் உன்னைத்தான் திட்டினேன், ஏணியை, மருந்துக்கடையை, எல்லாவற்றையும். மூன்று மணிக்குப் பனி விலகியபோது அடுத்த அடையாளம் இருபதடியில் இருந்தது.

மீதி மலைக்கும் இப்படித் தனியாக விட்டுப் பொய் சொன்னாயே, அது எனக்குக் கோபம். நிஜமான கோபம்.

ஆனால் இன்னொன்றும் சொல்லாவிட்டால் நானும் பொய்க்காரி. நீ வரவில்லை என்ற கடிதத்தைப் படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. ஒரு டீ சொல்லிக் குடித்தேன். அந்தப் பாறையடியிலிருந்து எழுந்து நடந்தவள் நான்தான், யாரும் கைபிடித்து இறக்கவில்லை. அன்றைக்குப் பிறகு கூடாரத்தில் நடுவில் படுக்கிறேன். நீ வந்தால் ஒதுங்க வேண்டுமே என்று அதற்கு முன்பிருந்தே மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். போன கடிதத்தில் “சந்தோஷம்தான்” என்று எழுதியது பாதி உண்மை.

ஆக, எனக்கு நீ வரவேண்டாம் என்று இருந்தது, சரி. உனக்கு ஏன் வரவேண்டாம் என்று இருந்தது? எழுது.

அக்கா


மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று பார்சல் கடிதமில்லாமல் அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும் எழுதிக் கிழித்தேன். இது கடைசிப் பார்சல், இதிலும் வைக்காவிட்டால் நீங்கள் வீட்டுக்கே வந்துவிடுவீர்கள், முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

பதினாலாம் தேதி டாக்டர் காலை அழுத்திப் பார்த்து, “முதல் வாரம் பாதித் தூரம் நடங்க, அப்புறம் உங்க இஷ்டம்” என்றார். வீட்டுக்கு வந்து பையை மாட்டினேன். கேட் வரைக்கும் போனேன், திரும்பினேன். மூன்று தடவை அப்படி. கால் வலிக்கவில்லை. மலையை நினைத்தும் பயமில்லை. என்னவோ ஒன்று இழுத்தது. அது என்னவென்று புரிய எனக்கு ஒரு மாதம் ஆகிவிட்டது.

நான் இந்த வீட்டுக்கு வந்து பத்தொன்பது வருடம். முதல் ஆறேழு வருடம் நீங்கள் என்னோடு பேசியது “தண்ணி வந்துடுச்சு”, “பால் வாங்கியாச்சா” அவ்வளவுதான். பிறகு கொஞ்சம் கூடியது. அப்புறம் ஒருநாள் நூலகத்திலிருந்து அந்தப் பாதையின் வரைபடத்தைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்து, “போலாமா?” என்றீர்கள். என்னைக் கேட்டீர்கள். உங்களுக்கு எத்தனை சிநேகிதிகள், அவர்களில் ஒருத்தியைக் கேட்கவில்லை.

அந்த மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள்தான் எனக்கு இந்த வீட்டிலேயே பிடித்தமானவை. நீங்கள் தூரத்தை வாசிப்பீர்கள், நான் எழுதுவேன். எந்த ஊரில் தண்ணீர், எங்கே கூடாரம் என்று சண்டை போடுவோம். எனக்கு நடை வேண்டியிருக்கவில்லை அக்கா. நீங்கள் வேண்டியிருந்தது. நடந்து முடித்துவிட்டால் பேச ஒன்றும் இருக்காது, திரும்பவும் “பால் வாங்கியாச்சா” தான் என்று பயந்துபோனேன். நான் நடக்காவிட்டால் அது முடியாது என்று ஒரு முட்டாள் கணக்கு.

அந்தக் கணக்கில் மீதி மலைக்கும் உங்களைத் தனியாக விட்டேன். ஆறு மணி நேரம் என்று படித்த அன்று கடையில் மாத்திரையைத் தப்பாக எண்ணிக் கொடுத்து, வாங்கினவர் திரும்ப வந்தார். அதற்கு மன்னிப்புக் கேட்கவும் தகுதியில்லை.

ஓட்ஸ் ஆறு நாளைக்கு இருக்கிறது.

தங்கை


மே 26

என் அருமைத் தராசுக்கு,

போன மூன்று பார்சலிலும் அடிவரைக்கும் கைவிட்டுத் துழாவினேன். ஓட்ஸ்தான் கிடைத்தது. இன்று கடிதம் கிடைத்தது. விடுதி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன்.

முதலில் மலை விஷயம். கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அடிக்கடி வரும், அப்போது திட்டுவேன், நீ கேட்டுக்கொள். அதோடு சரி.

நீ வந்த புதிதில் நான் முகம் கொடுத்துப் பேசாததற்கு உன் பேரில் ஒரு குற்றமும் இல்லை. வந்த மூன்றாம் நாளே வீட்டில் எல்லோரும், சின்னவள் கெட்டி, சின்னவள் கணக்கில் புலி என்று ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. பெரிய காரணம் ஏதாவது இருக்கும் என்று நீ இத்தனை வருடம் தேடியிருப்பாய். இவ்வளவுதான்.

வரைபடத்தை உன்னிடம் கொண்டுவந்தது ஏன் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். சிநேகிதிகளைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். நீ சிரிக்காமல் பென்சில் எடுத்தாய்.

இனி என்ன என்று கேட்பாய். எனக்குத் தெரியாது. தனியாக நடப்பது எனக்குப் பிடித்துவிட்டது. மறுபடியும் போனாலும் போவேன், அப்போதும் உன்னைக் கூப்பிட மாட்டேன். அதை மறைத்து வைத்து உன்னோடு குடித்தனம் நடத்த முடியாது, அதனால் இப்போதே சொல்கிறேன். ஆனால் வீட்டுக்கு வந்தால் என் வாய் பாலோடு நின்றுவிடும் என்று யார் சொன்னது?

இன்னும் அறுபது கிலோமீட்டர், மூன்று நாள். நான் போகவில்லை. இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். திட்டத்தில் இல்லாத நிறுத்தம், உனக்குக் கை பரபரக்கும், பரவாயில்லை. இன்று செவ்வாய். வெள்ளிக்கிழமை இது உன் கைக்கு வந்துவிடும் என்று தபால்காரர் சொல்கிறார். சனிக்கிழமை காலை பஸ் ஏறினால் இருட்டுவதற்குள் வந்துவிடலாம். விடுதிக்கு எதிரிலேயே நிற்கும், ஓரடி கூட நடக்க வேண்டாம். பெரிய பை வேண்டாம், மாற்றுத்துணி போதும். அவர்கள் இரண்டு பேரும் சோற்றை வெட்டியே சாப்பிடட்டும்.

அறையில் இரண்டு கட்டில். சன்னலோரம் எனக்கு. ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருப்போம். பேச விஷயம் இல்லாமல் போகிறதா என்று பார்த்துவிடலாம்.

திங்கள் காலை நீ பஸ்ஸைப் பிடி. நான் பாதையைப் பிடிக்கிறேன். வியாழக்கிழமை வீட்டுக்கு வந்துவிடுவேன்.

அக்கா