கொழுந்தனார் வீட்டு வைஃபை

பூமிகா தாத்தாவுக்கு, மஸ்கட்டிலிருந்து மலர்கொடி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? சமையல் வேலையில் எனக்கு ஒரு குறையுமில்லை.

போனில் உங்கள் முகம் பாதியிலேயே அசையாமல் நின்றுவிடுகிறது. நீங்கள் இரக்கப்பட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை வைத்துக் கொழுந்தனார் வீடே நம் வைஃபையை உறிஞ்சுகிறதாம். ஒரு படம் ஓடவே போன் ஒரே நேரத்தில் பல இணைப்புகளை இழுக்குமாம். நான் சமைக்கும் இந்த வீட்டம்மா, ஒரு போன் இத்தனை இணைப்புக்கு மேல் எடுக்க முடியாதபடி ரூட்டரில் விதி போட்டிருக்கிறார். கொழுந்தனார் வீட்டுப் போன்களுக்கு மட்டும் அந்த விதியைப் போடும்படி நம் பேத்தி பூமிகாவிடம் சொல்லுங்கள். அடியோடு நிறுத்த வேண்டாம். படம் சுற்றிக்கொண்டே நிற்கட்டும்.

நம் நாற்றங்கால் காய்ந்தபோது உங்கள் தம்பி மடையில் விரலளவு தண்ணீர் விட்டுவிட்டு, "அதான் வருதுல்ல அண்ணி?" என்று சிரித்தாரே! கேட்க வந்தால் நீங்களும் சிரித்துக்கொண்டே, "அதான் வருதுல்ல தம்பி?" என்று சொல்லுங்கள். உடனே எனக்குப் போன் போடுங்கள். அந்தச் சிரிப்பை நான் முழுசாகப் பார்க்க வேண்டும்.

உலை கொதிக்கிறது.
மலர்கொடி