வலை இல்லாத படகு

அம்மா,

பெரிய மார்க்கெட்டில் நீ உட்கார்ந்த இடத்தில் இப்போது வேறொருத்தி மீன் விற்கிறாள். நீ போய் இத்தனை மாதம் கழித்து உன் மீன் பலகையையும் சுருக்குப்பையையும் நேற்றுதான் என்னிடம் கொடுத்தாள். பையைத் திறந்தால் இன்னும் செதில் வாடை. காய்ந்த வெற்றிலைக்கு அடியில் வாந்தி மாத்திரை அட்டை ஒன்று. ஒரே ஒரு மாத்திரைதான் பிரித்திருக்கிறாய். கப்பலுக்குப் போகும்போது நெல்லித்தோப்பு மருந்துக்கடையில் நான் வாங்கித் தந்தது.

அந்தப் பயணம் நாம் ஆசைப்பட்டதில்லை. சேதராப்பட்டில் நான் வேலை செய்யும் கம்பெனியில் ஆயுத பூசைக் குலுக்கலில் விழுந்தது. கொச்சியிலிருந்து ஒரு தீவுக்கு, இரண்டு பேருக்கு. மிக்சி விழுந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். வருஷம் முழுக்க நிற்க வைத்து வேலை வாங்கிவிட்டு, ஒருத்திக்குக் கப்பலைக் காட்டி மற்றவர்களைக் கைதட்ட வைக்கிற வித்தை. நீதான், "ஓசியில வர்றத எதுக்குடி உடுற" என்றாய்.

பெரிய கப்பலில் உனக்கு ஒரு பயமும் இல்லை. "இது கப்பலா? கல்யாண மண்டபம்டி" என்று சொல்லிக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கினாய். சாப்பாட்டு மேசையில் மீனைத் திருப்பிப் பார்த்து, "ஐஸ்ல கெடந்து நாளாச்சு" என்று சத்தமாகச் சொன்னாய். நாம் யார் என்று அந்த மேசை முழுக்கத் தெரிந்துபோனது.

மறுநாள் கப்பல் நடுக்கடலில் நின்றது. தீவுக்கு அருகில் ஆழம் போதாதாம். சின்னப் படகில்தான் கரைக்குப் போக வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எனக்கு அது முன்பே தெரியும். போனில் வீடியோக்களாகப் பார்த்திருந்தேன். படகு அலையில் ஏறும், இறங்கும். கப்பலுக்கும் படகுக்கும் நடுவில் தண்ணீர் வாயைத் திறந்து மூடும். எனக்கு நீச்சல் தெரியாது. கடற்கரை ஊரில் பிறந்தவள் என்றுதான் பேர்.

கப்பலின் பக்கவாட்டில் திறந்திருந்த கதவருகே வரிசையில் நின்றோம். நம் முறை வந்ததும் நீ குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாய். கைபிடித்து ஏற்றிவிட நின்ற கப்பல்காரர் தூத்துக்குடிப் பக்கத்து ஆள்.

"செருப்ப போடுங்கம்மா, வழுக்கும்."

"போட்டுல செருப்போட ஏறுவாங்களா தம்பி?" என்றாய். அப்புறம் நகரவில்லை. வீடியோவில் கேட்டதை உனக்குச் சொன்னேன். "கண்ண மூடிக்கம்மா. மூச்ச நல்லா இழுத்து வுடு."

"மூச்சு வுடறதுக்கு நீ சொல்லித் தரணுமா? சும்மா இருடி."

பின்னால், நம் மேசையில் சாப்பிட்ட பூப்போட்ட சட்டைக்காரர் சிரித்தார். "மீன்காரம்மாவுக்கே தண்ணின்னா பயமா?"

"தண்ணிக்கு இன்னா பயம் சாமி. போட்டுக்குத்தான் பயம்."

அவர் அதற்கும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும் நாட்களில் நீ தூக்குச்சட்டியை மணலில் வைத்துவிட்டு விலகி நிற்பாய். படகின் நிழலைக்கூட மிதிக்க மாட்டாய். பொம்பளை கால் பட்டால் வலையில் மீன் படாது என்பது குப்பத்துச் சட்டம். அந்தப் படகு கொண்டுவந்த மீனைக் கூடையில் சுமந்து, விற்று, கடனை அடைத்து, படகுக்குப் பெயின்ட் அடிக்க வைத்ததெல்லாம் நீ. ஏற மட்டும் கூடாது. உன் பயம் அலை மேல் இல்லை. ஏறினால் யாருடைய வயிற்றிலோ அடித்ததாகிவிடும் என்ற பயம். இத்தனை வயதில், யாரோ ஒரு கம்பெனிக்காரனுடைய படகைப் பார்த்தும் உன் கால் கூசியது.

ஒதுங்கி நின்றோம். ஒரு படகு போனது. இன்னொன்றும் போனது. கடைசிப் படகு என்றார்கள். திரும்பி அறைக்கே போய்விடலாம் என்று எனக்குத் தோன்றியது. நீதான் அந்தத் தூத்துக்குடிக்காரரைக் கூப்பிட்டாய்.

"தம்பி, இதுல வல கெடக்குதா?"

"வலையா? எதுக்கும்மா?"

"மீனே புடிக்க மாட்டீங்களா?"

"புடிச்சா என் வேல போயிரும்மா. ஆளத்தான் ஏத்தி எறக்குறோம், காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும்."

நீ படகுக்குள் எட்டிப் பார்த்தாய். பிறகு செருப்பைக் கீழே போட்டுக் காலை நுழைத்தாய். "அப்ப இது போட்டு இல்லடி. பஸ்ஸு."

பஸ் உனக்குப் புதிதா? கூடை நாறுகிறது என்று நடத்துநர்கள் இறக்கிவிட்ட பஸ்களில் எல்லாம் திட்டிச் சண்டை போட்டு ஏறியவள் நீ. கப்பல்காரர் முழங்கையைப் பிடித்தார். படகு மேலே வந்த நேரம் பார்த்து ஒரே எட்டு. ஜன்னலோர சீட் பிடிப்பதுபோல நேராக விளிம்போரம் போய், "தள்ளிக் குந்து சாமி, எம் பொண்ணு வருது" என்று அங்கே இருந்தவரை நகர்த்தினாய். கதவருகே மாட்டிக்கொண்டவள் நான்தான். "கீழ பாக்காத, என்னப் பாரு, வா" என்றாய். வந்தேன்.

தீவில் பார்த்தது எதுவும் நினைவில் இல்லை. திரும்பும்போது விளிம்பின் மேல் கையை நீட்டித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டே வந்தாய். "கரைய இப்படிப் பாத்ததே இல்லடி" என்றாய். அவ்வளவுதான்.

நீ போன மூன்றாம் நாள் மாமா உன் சாம்பல் சட்டியோடு தன் ஃபைபர் படகில் ஏறினார். நானும் பின்னால் போனேன்.

"நீ கரையில நில்லு. பொம்பள ஏறக்கூடாது."

"சட்டியில இருக்கறதும் பொம்பளதான் மாமா."

அவர் கடலைப் பார்த்தார். ஏறு என்றும் சொல்லவில்லை, மறுபடி தடுக்கவும் இல்லை. கை கொடுக்க ஒருத்தரும் இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் படகு என்னை இடித்தது. முட்டி சிராய்த்துக்கொண்டு, பாதி விழுந்து பாதி தவழ்ந்து ஏறினேன். போய் வரும்வரை படகின் குறுக்குப் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன்னைக் கரைக்கும்போது மட்டும் ஒரு கையை விட்டேன்.

மறுநாள் மாமா மஞ்சள் தண்ணீர் ஊற்றிப் படகைக் கழுவிக் கற்பூரம் காட்டினார் என்று கேள்விப்பட்டேன். கூடப் பிறந்த அக்காவைக் கொண்டுபோன படகை. சண்டை போடத் தெம்பில்லை அம்மா. வேலைக்குப் போய் நின்று, வந்து படுத்தால் நாள் முடிந்துவிடுகிறது.

படகு என்றால் எனக்கு இன்னும் பயம்தான். வருஷத் திதிக்கும் ஏறுவேன். மாமா மறுபடியும் கழுவிக்கொள்ளட்டும்.