தெர்மாகோல் பிடித்த கை

என் குரல் கேட்கிற தூரத்தில்தான் இருப்பீர்கள் என்று நம்பி, என் அத்தானுக்கு,

கோமதி எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றுபோன எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும். பேத்தி மீனா பிழை திருத்திக் கணினியில் அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். நம்முடைய சமையல் வீடியோக்களைப் பார்க்கிறவர்கள், "அடுத்தது எப்போ ஆச்சி?" என்று ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் பதிலாக இருக்கட்டும் என்று இந்தக் கடிதத்தையும் அங்கேயே போடச் சொல்லிவிட்டேன். நாலு பேர் கேட்க உங்களோடு பேசுவது எனக்கு என்ன புதிதா?

வருகிற மாதம் உங்களுக்கு வருஷத் திதி. இந்த வருஷம் ஆற்றில் தண்ணீருக்குக் குறைவில்லை. கல்லிடைக்குறிச்சிக் கால்வாயில் நீங்கள் பார்த்த தண்ணீர் திருப்புகிற வேலைக்குப் புது ஆள் வந்திருக்கிறான். மடையை ஒரேயடியாகத் திறந்துவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், வரப்பு கரைகிறது. நீங்கள் இருந்தால் அவன் காது தப்புமா?

நம் பேத்தி இப்போது நாங்குநேரி வரைக்கும் கல்யாண வீடியோ எடுக்கப் போகிறாள். கூட இரண்டு பெண்பிள்ளைகள். கேமரா அதே பழையதுதான். ஜங்ஷனில் கடையை மூடிவிட்டுப் போன போட்டோக்காரரிடம் வாங்கினோமே, அது. கை பிடிக்கிற பக்கம் ரப்பர் உரிந்து, பசை போட்டு ஒட்டியிருக்கிறாள். ஆனால் அதில் வருகிற படத்தைப் பார்த்தால் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். எனக்குப் பெருமைதான். அதை எதற்கு மறைக்க வேண்டும்?

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா, அவள் நம் இரண்டு பேருக்கும் பாடம் எடுத்தது? கேமரா தானாகப் பார்வையைத் தேடினால் படம் மங்கி மங்கித் தெளியுமாம், அதனால் கையால் திருகி வைப்பாள். நான் அசையாமல் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் சுண்ணாம்பால் கோடு போடுவாள். என்னமோ ஒரு எண்ணை ஐம்பதில் வைத்தால்தான் டியூப்லைட் கோடு கோடாக ஓடாதாம். உங்கள் எட்டு முழ வேட்டியைச் சன்னலில் கட்டினால் வெயில் பால் மாதிரி இறங்கும். டிவி வந்த பெட்டியில் இருந்த தெர்மாகோல் அட்டையை எதிர்ப்பக்கம் பிடித்தால் என் கன்னத்து இருட்டு போய்விடும். அந்த அட்டையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றாள். நீங்கள் எழுந்து வந்தீர்கள்.

"தண்ணியைத் திருப்புனவனுக்கு வெளிச்சத்தைத் திருப்பத் தெரியாதா?"

"தாத்தா, கொஞ்சம் பைய. ஆச்சி மூக்குலயே அடிக்கி."

"உங்க ஆச்சிக்கு மூக்குலதானட்டி கோவமெல்லாம் இருக்கு."

அன்றைக்குப் பிடித்த அட்டையைக் கடைசிவரை நீங்கள் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. நாற்பது சமையலுக்கு மேல் எடுத்திருப்போம். ஒன்றிலாவது உங்கள் முகம் வந்ததா? "என்னை என்னத்துக்கு எடுக்கணும், நான் அடுப்பா சட்டியா?" என்று சொல்லிவிட்டுக் கேமராவுக்குப் பக்கத்திலேயே நின்றீர்கள்.

இனி சொல்ல வருவதுதான் எனக்கு எழுதக் கஷ்டம்.

போன மாதம் மீனாவின் அம்மை வடிவு மஸ்கட்டில் இருந்து போன் பண்ணினாள். நம் மகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? நீங்கள் போன மூன்றாம் நாள்தான் அவளுக்கு விமானம் கிடைத்தது. உங்களைப் பார்க்காமலே திரும்பிப் போனாள். அவளிடம் உங்கள் போட்டோ இரண்டு இருக்கிறது. இந்தத் தடவை அவள் கேட்டது வேறு.

"அம்மா, அப்பா கொரலு எங்கயாவது இருக்கா? அத்தனை வீடியோ எடுத்தீங்களே. எனக்கு அது மறந்துக்கிட்டே வருதும்மா."

நான் போனை மீனா கையில் கொடுத்துவிட்டேன். ஏனென்றால் எனக்குத் தெரியும், அத்தான். அதை அழித்தவளே நான்தான்.

கேமராவில் விழுகிற சத்தம் நன்றாக இராது என்று மீனா என் பேச்சைப் போனில் தனியாகப் பிடிப்பாள். உப்பு ஜாடிக்குப் பின்னால் போனை மறைத்து வைப்போம். இரண்டையும் பிற்பாடு சேர்ப்பதற்கு அடையாளமாக நான் ஒருமுறை கைதட்டிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பேன். சேர்த்த பிறகு கேமராச் சத்தத்தை எடுத்து எறிந்துவிடுவாள். அதில்தான் நீங்கள் இருந்தீர்கள். கேமராவை ஒட்டி நின்று நீங்கள் முணுமுணுத்தது, செருமியது, சிரித்தது எல்லாம் அதில்தான் கனமாக விழுந்திருக்கிறது. எனக்கு அது அப்போது தெரியாது. அவளுடைய கணினியில் இடம் நிறைந்தபோது, "ஆச்சி, பழைய ஒரிஜினலை எல்லாம் அழிச்சிரட்டுமா?" என்று கேட்டாள். "படந்தான் போட்டாச்சே. சாப்பிட்ட இலையை யாராவது எடுத்து வைப்பாங்களா? அழிச்சிரு" என்று சொன்னது இந்த வாய்.

வடிவிடம் இதை எப்படிச் சொல்ல? இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மீனா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் ஒரு பழைய குங்குமச் சிமிழ். உள்ளே நகம் அளவுக்கு ஒரு கேமரா கார்டு.

"என்னட்டி இது?"

"கடைசியா எடுத்தது ஆச்சி. அந்தச் சொதி. நான் அழிக்கல."

"ஒரு வருசமா கையில வச்சிக்கிட்டு ஏண்டி சொல்லல?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க பாக்கக்கூடாதுன்னுதான். நீங்க தாத்தாவை ஏசுனது இருக்கு அதுல."

அந்தச் சொதியை மறப்பேனா? தேங்காயின் இரண்டாம் பாலில் காய் வெந்து, பருப்பும் சேர்ந்து, முதல் பால் ஊற்ற வேண்டிய நேரம். முதல் பாலை ஊற்றியதும் தீயை அணைத்துவிட வேண்டும், கொதித்தால் திரிந்துபோகும். வீட்டில் இருந்ததோ இரண்டே தேங்காய், இன்னொரு தடவை ஊற்றிக் காட்ட வழியில்லை. நான் ஊற்ற ஆரம்பித்தேன். வெண்மை சட்டியில் இறங்குகிற அந்த நேரத்தில் வெளிச்சம் சரிந்தது. அட்டை உங்கள் கையில் இருந்து நழுவி அம்மிமேல் விழுந்தது. "ஐயோ, நிப்பாட்டுங்க ஆச்சி!" என்று மீனா கத்தினாள். நான் பாத்திரத்தோடு உங்கள் பக்கம் திரும்பினேன். அடுப்பை அணைக்க மறந்தேன். சொதி திரிந்தது.

அப்போது நான் பேசியதை இங்கே எழுதத்தான் வேண்டும். "ஒரு அட்டையைப் பிடிக்கக்கூட உங்களுக்குத் துப்பில்லையா? ஊருக்கெல்லாம் தண்ணி திருப்புன கையாம் கை! நல்லா உக்காந்து தின்னதுல மரத்துப் போச்சோ?"

பேத்தி முன்னால் சொன்னேன். சொல்லிவிட்டுப் புறவாசலுக்குப் போய்விட்டேன். மத்தியானம் நீங்கள் திரிந்த சொதியை இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டீர்கள். அந்த மாதம் முடிவதற்குள் உங்கள் வலது பக்கம் முழுவதும் விழுந்து, பேச்சும் விழுந்து, நீங்களும் போய்விட்டீர்கள்.

அன்றைக்கே உங்கள் கை மரத்திருந்ததா, அத்தான்? அதற்கு முன்னாலேயா? எத்தனை வீடியோவில் மரத்துப்போன கையோடு நின்றீர்கள்? ஏன் என்னிடம் சொல்லவில்லை?

மீனா என்னைக் கேட்டாள். "நீங்க ஏசுறதை வெட்டிருதேன் ஆச்சி. தாத்தா பேசுறதை மட்டும் அம்மைக்கு அனுப்புவோம். யாருக்கும் தெரியாது."

"தாத்தா பேசுதாங்களா அதுல?"

"ஆமா. நீங்க ஏசி முடிச்ச உடனே பேசுதாங்க. ஒங்களுக்குக் கேட்டிருக்காது."

எனக்குக் கேட்கவில்லைதான். கோபத்தில் யாருக்கு என்ன கேட்கும்? சரி, வெட்டு என்றேன். மகள் முன்னால் தலைகுனிய எனக்கு மனசில்லை. அறுபத்தெட்டு வயதுக்குப் பிறகு எதற்கு அது?

அவள் பக்கத்திலேயே நானும் உட்கார்ந்தேன். முதலில் என் ஏச்சை எடுத்தாள். பிறகு வெளிச்சம் சரிந்து நிமிர்வதைச் சீராக்கினாள். அடுப்பு இரைச்சலைக் குறைத்தாள். அதைக் குறைக்கக் குறைக்க உங்கள் குரலும் மெலிந்து, குடத்துக்குள் இருந்து பேசுகிற மாதிரி ஆனது. இருமலை எடுத்தாள். அட்டை உரசுகிற சத்தத்தை எடுத்தாள். கடைசியில் போட்டுக் காட்டினாள். சுத்தமாக இருந்தது. யாரோ ஒரு மனிதர், யாரிடமோ, எதற்கென்றே தெரியாமல் பேசிச் சிரிக்கிறார். அது நீங்கள் இல்லை. நன்றாக்க நன்றாக்க நீங்கள் குறைந்துகொண்டே போனீர்கள்.

"இது வேண்டாம் மீனா. எடுத்தது எப்பிடி இருக்கோ அப்பிடியே போடு."

"அப்பிடியேன்னா, நீங்க ஏசுறதோடயா?"

"போடுட்டி."

பார்த்தேன், அத்தான். பால் இறங்குகிறது, வெளிச்சம் சரிகிறது, மீனா கத்துகிறாள். நான் திரும்பி ஏசுகிறேன், ஒரு எழுத்து விடாமல். என்னைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. அப்போது கேமராவுக்குப் பக்கத்தில் இருந்து, ரொம்பக் கிட்டத்தில் இருந்து, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு உங்கள் குரல்.

"ஏட்டி மீனா, நிப்பாட்டாத. சட்டியை விட்டுட்டு ஆச்சி மொகத்துக்குத் திருப்பு. கோவம் வந்தா எப்பிடிச் செவக்கா பாத்தியா? கல்யாணத்தன்னைக்கும் இதே மொகந்தான். எடு எடு. சொதி எங்கன போவப்போவுது."

அப்புறம் ஒரு சிரிப்பு. அட்டை உரசுகிற சத்தம். என் முகத்தில் இருந்த நிழல் பைய விலகுகிறது. வெளிச்சம் நடுங்குகிறது, ஆனாலும் விலகவில்லை. நான் புறவாசலுக்குத் திரும்பிப் போகிறவரைக்கும் என் கன்னத்திலேயே நிற்கிறது.

"தாத்தா எப்பிடிப் பிடிச்சாங்க? கைதான் வரலியே" என்று கேட்டேன்.

"ரெண்டு முழங்கையாலயும் நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சிருந்தாங்க ஆச்சி. நான் பாத்தேன்."



முழுசாகவே வடிவுக்கு அனுப்பச் சொன்னேன். அனுப்பிவிட்டுப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மகள் என்ன நினைப்பாள், அப்பாவுக்கு முடியாமல் இருந்தது தெரியாமல் இப்படிப் பேசியிருக்கிறாளே என்று நினைப்பாளா? போன் வர ஒரு மணி நேரம் ஆனது. எடுத்தால் அந்தப் பக்கம் அழுகைச் சத்தம்.

"வடிவு, அம்மைக்கு அன்னைக்குத் தெரியாதுட்டி. சத்தியமா எனக்குத் தெரியாது."

"என்னம்மா தெரியாது? அப்பாவுக்குத் தெரியும்லா, நீ இப்பிடித்தான்னு." மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "நீ ஏசாத வீட்டுல அப்பா பேசி நான் கேட்டதே இல்லம்மா. இந்தச் சத்தந்தான் நம்ம வீடு. எட்டுத் தடவை போட்டுட்டேன். இன்னும் கேக்கப்போறேன்."

அன்றைக்கு ராத்திரிதான் நான் ஒரு வருஷத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஆனாலும் ஒரு குறை எனக்குள் இருக்கத்தான் செய்கிறது. நீங்கள் மீனாவிடம் சொன்னதை என்னிடம் சொல்லியிருக்கக்கூடாதா? செவக்கிறேன் என்று ஒரு தடவையாவது என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் என்ன? ஐம்பது வருஷம் கூட இருந்துவிட்டு, அதை ஒரு கேமராவிடம் கேட்டு நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. சொல்லியிருந்தால் நான் இன்னும் ஏசியிருப்பேன் என்பது வேறு விஷயம்.

திதிக்கு வடிவு வருகிறாள், அத்தான். மறுநாள் சொதி வைக்கப்போகிறேன். மீனா எடுப்பாள். அட்டைக்கு இப்போது ஒரு கம்பி ஸ்டாண்டு வைத்திருக்கிறாள், நட்டுவைத்தது மாதிரி அசையாமல் நிற்கிறது, பார்க்கவே பிடிக்கவில்லை. அது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வடிவு பிடிக்கட்டும். அவளுக்கும் அடுப்படியில் ஒரு இடம் வேண்டுமே. அட்டை சரிந்தால் சரியட்டும், கேமராவுக்குப் பக்கத்தில் நின்று அவள் பேசினால் பேசட்டும். கேமராச் சத்தத்தில் ஒரு சொட்டைக்கூட அழிக்கக்கூடாது என்று மீனாவிடம் சொல்லிவிட்டேன். கணினியில் இடமில்லை என்றால் எங்கேயாவது இடம் பார்க்கட்டும்.

உங்களுக்கு நான் தருகிற வாக்கு இதுதான். அடுத்தவர் கை ஏன் நடுங்குகிறது என்று முதலில் கேட்பேன், அப்புறம்தான் வாயைத் திறப்பேன். ஏசவே மாட்டேன் என்று சொல்லமுடியாது, அதை நீங்களும் நம்பமாட்டீர்கள். ஆனால் கேட்டுவிட்டு ஏசுவேன்.

உங்கள் மாமன் மகள்,
வடிவின் அம்மை, மீனாவின் ஆச்சி,
கோபம் வந்தால் செவக்கிறவள்,
கோமதி