கார்டு வேலை செய்கிறது

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் பொறுமை ஒன்றைத் தவிர. நீயும் சளி, இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். அக்கா வீடு மாறிவிட்டாள், புது வீட்டில் சமையலறை ஜன்னல் மூடுவேனா என்கிறது, வீட்டுக்காரர் இன்றைக்கு வருகிறேன் நாளைக்கு வருகிறேன் என்று இழுத்தடிக்கிறார், மாப்பிள்ளை அட்டையை ஒட்டி வைத்திருக்கிறார். உன் கம்ப்யூட்டரும் ஒருவழியாகச் சரியாகிவிட்டது. உன் கம்ப்யூட்டர் என்றுதான் சொல்வேன், எங்களுடையது என்றால் எங்கள் பேச்சைக் கேட்டிருக்குமே.

போகிற போக்கில் அதில் இருந்த விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டு, இனிமே வைரஸ் தொல்லையே இருக்காதும்மா என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாய். வைரஸ் வரவில்லை, உண்மைதான். ஆனால் வைஃபை கார்டு செத்துப்போனதும் கடைக்காரர் புதிது ஒன்றை மாட்டிக் கொடுத்தார், வீட்டுக்கு வந்து திறந்தால் உன் லினக்ஸ் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நெட்டுக்கு வயர் போட்டுக்கொள்ளலாம் என்றால் அதைச் செருகுகிற இடம் எப்போதோ உடைந்து கிடக்கிறது. திரும்பவும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். லினக்ஸெல்லாம் எங்ககிட்ட யாரும் கொண்டு வர்றதில்லைங்க, அழிச்சிட்டு வேற போட்டுத் தரட்டுமா என்கிறார். நான் சரி என்று தலையாட்டப் போனேன், உன் அப்பா இரண்டு கையாலும் கம்ப்யூட்டரைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பையன் போட்டுக் கொடுத்ததாம், யாரும் கை வைக்கக் கூடாதாம். வாய்விட்டுச் சொல்ல முடியாவிட்டால் என்ன, இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அந்த முகம் புரியாதா.

அவருக்காகத்தான் இவ்வளவு மல்லுக்கட்டினேன். தொண்டை ஆபரேஷனில் குரல் போன பிறகு சாயங்காலமானால் உனக்கு டைப் அடிப்பது ஒன்றுதான் அவருக்குப் பேச்சு. போனில் அடியுங்கள் என்றால், ஓர் எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்து விழுகிறது என்று தூக்கி வைத்துவிடுகிறார். கார்டு போன நாளிலிருந்து மூடிய கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் உன்னைக் கூப்பிட்டேன். நீ என்ன சொன்னாய்? அந்தக் கார்டை ஓட்டறதுக்கு டிரைவர்னு ஒரு புரோகிராம் வேணும்மா, நெட்லேருந்து எடுத்துப் போடணும் என்றாய். நெட் வருவதற்குத்தானே அது வேண்டும் என்கிறேன், அதை எடுக்க நெட் வேண்டுமாம். பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிவிட்டுப் பெட்டியைத் திற என்பதுபோல இருந்தது. போனைக் கம்ப்யூட்டரோடு சேர்த்தால் அதன் நெட் வரும் என்றாய், சேர்த்தேன், வரவில்லை. அந்த வயர் சார்ஜ் ஏற்ற மட்டும்தான் ஆகுமாம், இதைக் கண்டுபிடிக்கவே போதும் போதும் என்றாகிவிட்டது. கிளினிக்கில் என்னோடு வேலை பார்க்கும் நர்ஸிடம் வேறு வயர் கடன் வாங்கி வந்தேன். அப்புறம் அந்தக் கறுப்புத் திரை. நீ சொல்லச் சொல்ல நான் அடிக்க, இங்கே இடைவெளி விடணும், அங்கே விடக்கூடாது, நடுவில் ஒரு கோடு, இல்லம்மா மேலே கோடு என்று என் உயிரை வாங்கினாய். பாஸ்வேர்டு அடித்தால் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை, கீபோர்டும் போச்சு என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். நீ சிரித்தாய், அது அப்படித்தாம்மா, தெரியாது, நீ பாட்டுக்கு அடி என்றாய். தெரியாது என்று முன்னாலேயே சொல்வதற்கு என்னடா உனக்கு.

ஒருவழியாக மூலையில் வைஃபை அடையாளம் வந்தது. உன் அப்பா முகத்தைச் சவரம் செய்துகொண்டு, சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நீ, கார்டு வேலை செய்யுதாப்பா என்று கேட்டாய். ஆமாம் என்று போட்டார். நீ ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினாய். அவர் ஒற்றை விரலால் தேடித் தேடி அடுத்த வரியை அடிக்க ஆரம்பித்தார், நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகு வலி என்றாயே, நாற்காலி மாற்றித் தந்தார்களா என்று கேட்க வந்தார். நாற்காலி என்று அடித்து முடிப்பதற்குள், வேலை இருக்குப்பா அப்புறம் பேசறேன் என்று போட்டுவிட்டுப் போய்விட்டாய். அவர் அடித்ததை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். அன்றிலிருந்து தினமும் இதே கதைதான்.

கார்டு கெட்டுக் கிடந்தவரை நாள் தவறாமல் நீயே கூப்பிட்டாய், நான் தப்பாக அடிக்க அடிக்க ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளாமல் திரும்பச் சொன்னாய். கார்டுக்கு இருந்த பொறுமை அப்பாவுக்கு இல்லையா? அவரிடம் ரிப்பேர் செய்ய ஒன்றுமில்லைதான், அதற்காக? இதைப் போனில் சொன்னால் அவர் காதில் விழும், காது நன்றாகத்தான் இருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் எழுதியதை அவரிடம் காட்டிக்கொள்ளாதே.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, குனிந்து பாரம் தூக்காதே. நீ நன்றாக இருக்க வேண்டும், எந்தக் குறையும் உனக்கு வரக்கூடாது, எவ்வளவு திட்டினாலும் என் வேண்டுதல் அதுதான். சாயங்காலம் அவர் வந்து உட்காருவார். நீ ஒன்றும் பெரிதாகப் பேச வேண்டாம். அவர் ஒரு வரி அடித்து முடிக்கிறவரை அங்கேயே இரு.

கோபம் இன்னும் தீராத,
உன் அம்மா