இரண்டு துடிப்புக்கு நடுவே

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா?

பந்தயக் குதிரைகளுக்கு அரசு தரும் உதவிப்பணத்தை நிறுத்தலாமா என்று பார்க்க நேற்று ஓர் அதிகாரி வந்தார். நிறுத்தினால் எங்கள் லாயத்தை மூடிவிடுவார்கள். முடிவு வரவில்லை, கவலைப்படாதீர்கள். செலவுக் கணக்கையே கேட்டுக்கொண்டிருந்தவரின் காதில் குதிரை டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டி, நான் பிடித்திருந்த குதிரையின் நெஞ்சில் வைத்தார்.

"என்ன டாக்டர், நின்னுபோச்சா?"

"சும்மா நிக்கும்போது குதிரைக்கு மெதுவாத்தான் துடிக்கும் சார். பொறுமையா கேளுங்க."

அடுத்த துடிப்பு வந்ததும் அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு நானும் கேட்டேன். தினமும் நான் தேய்த்துவிடும் உடம்புதான். உள்ளே யாரோ பெரிய கதவை நிதானமாகத் தட்டுவதுபோல் இருந்தது. நடுவில் அத்தனை அமைதி, போனில் நமக்குள் விழுமே, அதுபோல.

குதிரைக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். ஞாயிறன்று கூப்பிடுவேன். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் போனை வைத்துவிடாதீர்கள், கேட்டுக்கொண்டிருப்பேன்.

உங்கள் மகன்